எந்த ஹார்ட் டிஸ்க் ‘போகாது’? வீட்டு மீடியா சர்வருக்கு வாங்கும் முன்

மதுரை டவுன்ஹால் ரோட்டிலோ பைபாஸ் ரோட்டிலோ ஒரு கம்ப்யூட்டர் கடையில் ஏறி, “நல்ல ஹார்ட் டிஸ்க் எதுங்க?” என்று கேட்டுப் பாருங்கள். யோசிக்காமல் பதில் வரும். “சீகேட்டு வேணாம்ணே, ரெண்டு வருசம் தாண்டாது. டபிள்யூடி எடுத்துக்கங்க.” அடுத்த கடையிலும் அதே வாக்கியம்தான், கம்பெனிப் பெயர்கள் மட்டும் இடம் மாறியிருக்கும். இரண்டு கடைக்காரரும் பொய் சொல்லவில்லை. வாரண்டிக்குத் திரும்பி வந்ததைப் பார்த்தவர்கள், பார்த்ததைச் சொல்கிறார்கள். சிக்கல் ‘நம்பகமான டிஸ்க்’ என்ற பேச்சிலேயே இருக்கிறது. ஆயிரக்கணக்கான டிஸ்க்குகளை ஓடவிட்டு எண்ணிப் பார்த்தால்தான் நம்பகத்தன்மை கண்ணில் படும். நாம் வாங்கப்போவதோ ஒன்று, மிஞ்சினால் நாலு. இந்த இடைவெளி பிடிபட்டால், எதற்குக் காசு கொடுக்கலாம், எதற்குக் கொடுக்க வேண்டாம் என்பது தானாகத் தெளியும்.

## முதலில், வேலை என்ன?

மீடியா சர்வர் என்பது வீட்டில் எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும் ஒரு சின்னக் கம்ப்யூட்டர். படம், பாட்டு, கல்யாண வீடியோ, போட்டோ எல்லாம் அதில் இருக்கும். டிவியும் போனும் வைஃபை வழியாக எடுத்துக் காட்டும். பழைய லேப்டாப்பில் ஜெல்லிஃபின், பிளெக்ஸ் மாதிரி ஒரு மென்பொருளைப் போட்டாலும் அது மீடியா சர்வர்தான். இதற்கென்றே டிஸ்க் செருகும் தட்டுகளோடு வரும் பெட்டிக்கு நாஸ் என்று பெயர்.

வேகத்தைப் பற்றித்தான் பலரும் கவலைப்படுகிறார்கள். அது வீண் கவலை. மிக உயர்ந்த தரத்தில் உள்ள 4கே படம் நொடிக்கு 100 மெகாபிட் அளவுக்குக் கேட்கும். எட்டு பிட் ஒரு பைட் என்பதால், அது சுமார் 12 எம்பி (மெகாபைட்). இன்றைக்கு விற்கும் சாதாரண ஹார்ட் டிஸ்க் வரிசையாகப் படிக்கும்போது நொடிக்கு 150 எம்பி தாராளமாகத் தரும். ஒரே நேரத்தில் ஹாலில் அப்பா ஒரு படம், மாடியில் பையன் ஒரு படம் பார்த்தாலும் டிஸ்க் திணறாது. நிமிடத்துக்கு 7,200 சுற்று ஓடும் டிஸ்க்தான் வேண்டும் என்று கூடுதல் காசு கொடுத்தால் மிச்சமாகக் கிடைப்பது சூடும் இரைச்சலும்தான். 5,400 போதும்.

டிஸ்க்குக்கு உண்மையான கஷ்டம் வேறு: நாள் முழுக்கச் சுற்ற வேண்டும், வெயில் காலத்திலும் சுற்ற வேண்டும், வருடக்கணக்கில் சுற்ற வேண்டும்.

## விதைப் பையில் உள்ள கணக்கு

மேலூர், வாடிப்பட்டிப் பக்கம் நாற்று விடுகிறவர் வாங்கும் நெல் விதைப் பையில் முளைப்புத் திறன் என்று ஓர் எண் இருக்கும். சான்று பெற்ற நெல் விதைக்கு அது குறைந்தது 80 சதவீதம் இருக்க வேண்டும். அந்த எண்ணை வைத்துக்கொண்டு, பையிலிருந்து கையில் எடுத்த ஒரு விதை முளைக்குமா என்று யாராலும் சொல்ல முடியாது. ஒரு விதை எண்பது சதவீதம் முளைப்பதும் இல்லை. முளைக்கும், இல்லையென்றால் மண்ணோடு மக்கும். எண் பையைப் பற்றியது. விவசாயிக்கு இது தெரியும். அதனால்தான் எல்லா விதையும் முளைக்கிற பையைத் தேடிக் கடை கடையாக ஏறாமல், தேவைக்கு மேல் கொஞ்சம் சேர்த்து விதைத்துவிடுகிறார்.

ஹார்ட் டிஸ்க்குக்கும் இப்படி ஓர் எண் உண்டு. ஓராண்டு ஓடும் நூறு டிஸ்க்கில் எத்தனை பழுதாகின்றன என்பதே ஆண்டுப் பழுது விகிதம். ஏஎஃப்ஆர் என்று சுருக்கமாகச் சொல்வார்கள். அது 1.5 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். கேட்க மிகச் சின்ன எண். உங்கள் ஒரே டிஸ்க் ஐந்தாண்டுக்குள் போகும் வாய்ப்பு சுமார் 7 சதவீதம். நாலு டிஸ்க் போட்ட பெட்டியில், ஐந்தாண்டுக்குள் ஏதாவது ஒன்று போகும் வாய்ப்பு சுமார் 26 சதவீதம். நாலில் ஒரு வீட்டுக்கு நடக்கும். டிஸ்க் எவ்வளவு நல்லதானாலும், எண்ணிக்கை கூடக் கூட ஒன்று போவதைப் பார்த்தே தீருவோம்.

சுருக்கமாக: விகிதம் கூட்டத்துக்கு உரியது, உங்கள் டிஸ்க் அந்தக் கூட்டத்தில் எந்தப் பக்கம் நிற்கிறது என்று வாங்கும்போது தெரியாது.

## 114 ஆண்டு ஓடுமாமே?

இங்கேதான் பலர் வழுக்குகிறார்கள். டிஸ்க்கின் விவரத்தாளில் ‘எம்டிபிஎஃப் 10 லட்சம் மணி நேரம்’ என்று இருக்கும். இரண்டு பழுதுகளுக்கு இடையே உள்ள சராசரி நேரம் என்பது அதன் பொருள். ஓராண்டுக்கு 8,760 மணி நேரம். வகுத்துப் பார்த்தால் 114 ஆண்டு வருகிறது. “நம்ம பேரன் காலம் வரைக்கும் ஓடும்ணே” என்று விற்பனைப் பேச்சு இதிலிருந்துதான் பிறக்கிறது.

முதல் ஹார்ட் டிஸ்க்கை ஐபிஎம் கம்பெனி வெளியிட்டதே 1956-ல்தான். 114 ஆண்டு ஓடிய டிஸ்க் உலகத்தில் எங்கும் இருக்க முடியாது. பிறகு எப்படி அளந்தார்கள்? ஆயிரம் டிஸ்க்கை ஆயிரம் மணி நேரம் ஓடவிடுகிறார்கள் என்று வையுங்கள். மொத்தம் பத்து லட்சம் மணி நேரம். அதில் ஒன்று போனால் எம்டிபிஎஃப் பத்து லட்சம். ஆயிரம் மணி நேரம் என்பது ஆறு வாரம்தான்! இளமையில் இருக்கும் டிஸ்க்குகளை ஆறு வாரம் பார்த்துவிட்டுச் சொன்ன எண் அது. முதுமையைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை.

அந்த எண்ணை உபயோகமாக மாற்ற ஒரு வழி உண்டு. 8,760-ஐ எம்டிபிஎஃபால் வகுத்தால் ஆண்டுப் பழுது விகிதம் வரும்: பத்து லட்சத்துக்கு 0.88 சதவீதம். அதையும் அப்படியே நம்ப வேண்டாம். அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2007-ல் பெரிய கம்ப்யூட்டர் மையங்களின் பதிவுகளைப் பார்த்தபோது, ஆண்டுதோறும் மாற்றப்பட்ட டிஸ்க்குகள் பெரும்பாலும் ஒரு சதவீதத்துக்கு மேலேயே இருந்தன. 2 முதல் 4 சதவீதம் சாதாரணமாகக் காணப்பட்டது. விவரத்தாள் சொல்வதைவிட நடப்பு மோசம்.

## சீகேட்டா, டபிள்யூடியா?

முதலில் ஒரு செய்தி: தேர்ந்தெடுக்கப் பெரிதாக ஒன்றும் மிச்சமில்லை. சாம்சங்கின் ஹார்ட் டிஸ்க் தொழிலை 2011-ல் சீகேட் வாங்கியது. ஹிட்டாச்சியின் தொழில் 2012-ல் வெஸ்டர்ன் டிஜிட்டலுக்குப் போனது. நாம் டபிள்யூடி என்பது இந்தக் கம்பெனியைத்தான். இன்றைக்கு உலகத்தில் ஹார்ட் டிஸ்க் செய்வது சீகேட், டபிள்யூடி, தோஷிபா என்று மூன்றே பேர்.

கடைக்காரர் அனுபவத்தைவிடப் பெரிய கணக்கு ஒன்று பொதுவில் இருக்கிறது. பேக்பிளேஸ் என்ற அமெரிக்க மேகச் சேமிப்புக் கம்பெனி, தான் ஓட்டும் டிஸ்க்குகளில் எந்த மாடல் எவ்வளவு பழுதாகிறது என்பதை 2013 முதல் வெளியிட்டு வருகிறது. இப்போது அவர்களிடம் 3 லட்சத்துக்கும் மேற்பட்ட டிஸ்க் ஓடுகிறது. எல்லாம் சேர்ந்த ஆண்டுப் பழுது விகிதம் 2022-ல் 1.37, 2023-ல் 1.40, 2024-ல் 1.57 சதவீதம். மேலே நான் 1.5 என்று வைத்துக்கொண்டது இதனால்தான்.

அந்தப் பட்டியலை மாடல் வாரியாகப் பார்த்தால் பிராண்டுச் சண்டை அர்த்தமிழந்துவிடுகிறது. பேர்போன உதாரணம் சீகேட்டின் 3 டிபி (டெராபைட்) பாராகுடா. 2014-ல் அது பேக்பிளேஸிடம் 43 சதவீதம் பழுதானது. அவர்கள் கூண்டோடு கழற்றிவிட்டார்கள். நம் ஊர்க் கடைகளில் இன்றும் உலவும் ‘சீகேட்டு வேணாம்’ என்ற பேச்சுக்கு இந்த மாதிரி மாடல்கள் ஒரு காரணமாக இருக்கலாம். ஆனால் அதே ஆண்டில், அதே சீகேட்டின் 4 டிபி மாடல் அங்கேயே 3 சதவீதத்துக்கும் கீழே இருந்தது. சமீப ஆண்டுகளிலும் சீகேட்டின் ஒரு 12 டிபி மாடல் பட்டியலின் மோசமான முனையிலும், அதன் ஒரு 16 டிபி மாடல் நல்ல முனையிலும் நிற்கின்றன. வேறுபாடு மாடலுக்கும் மாடலுக்கும் இடையில்தான் பெரிது.

இதில் ஒரு தொல்லை உண்டு. ஒரு மாடல் நல்லதா என்று தெரிய நாலைந்து ஆண்டு ஆகும். அதற்குள் அது கடையில் கிடைக்காது. தவிர, பேக்பிளேஸ் ஓட்டுவது குளிரூட்டிய கூடத்தில், பெரும்பாலும் பெரிய நிறுவனங்களுக்கான டிஸ்க்குகளை. கே.புதூரில் ஒரு மாடி அறைக்கு அந்தத் தசமப் புள்ளிகள் அப்படியே பொருந்தாது. மோசமான மாடலை ஒதுக்க அந்தப் பட்டியல் உதவும். 0.9-க்கும் 1.3-க்கும் நடுவே வித்தியாசம் பார்த்து மண்டையைக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

ஆக, கம்பெனிப் பெயரை வைத்து முடிவெடுக்காதீர்கள். மாடல் எண்ணைக் கேளுங்கள். அதைவிட முக்கியம், அது எந்த வகை டிஸ்க் என்பது. அதற்கு உள்ளே கொஞ்சம் எட்டிப் பார்க்க வேண்டும்.

## உள்ளே என்ன நடக்கிறது?

பெட்டிக்குள் பளபளவென்று கண்ணாடியாலோ அலுமினியத்தாலோ ஆன வட்டத் தகடுகள். மேலே மிக மெல்லிய காந்தப் பூச்சு. 3.5 அங்குல டிஸ்க் 5,400 சுற்றில் ஓடும்போது தகட்டின் விளிம்பு மணிக்கு 95 கிலோமீட்டருக்கு மேல் பாய்கிறது. தகவலை எழுதவும் படிக்கவும் ‘ஹெட்’ என்ற நுண்ணிய உறுப்பு, தகட்டைத் தொடாமல், சில நானோமீட்டர் உயரத்தில் மிதக்கிறது. ஒரு நானோமீட்டர் என்பது ஒரு மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. ஓடும்போது பெட்டியைத் தட்டினாலோ கீழே போட்டாலோ என்ன ஆகும் என்று இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை.

டிஸ்க் சாகும் வழிகள் பல. ஹெட் தகட்டில் உரசலாம். பூச்சு அங்கங்கே கெட்டு, எழுதியதைத் திரும்பத் தராமல் போகலாம். சுற்றும் மோட்டாரின் பேரிங் தேயலாம். அடியில் இருக்கும் மின்பலகை ஏறி இறங்கும் கரண்டில் கருகலாம். முதல் மூன்றும் மெதுவாக வரலாம், திடீரென்றும் வரலாம். நாலாவது எப்போதும் திடீரென்றுதான்.

## தடங்கள் ஏறி அமர்ந்த டிஸ்க்

தகட்டில் தகவல் வட்ட வட்டத் தடங்களாக எழுதப்படுகிறது. எழுதும் ஹெட் அகலமானது. படிக்கும் ஹெட் ஒடுக்கமானது. தடங்களைப் பக்கத்துப் பக்கத்தில் இடித்துக்கொள்ளாமல் எழுதுவது வழக்கமான முறை. அதன் பெயர் சிஎம்ஆர். இன்னொரு முறையில், ஒரு தடத்தை எழுதிவிட்டு அடுத்ததை அதன் மேல் பாதி ஏறும்படி எழுதுவார்கள். படிக்கும் ஹெட்டுக்கு வெளியே தெரியும் ஒடுக்கமான பட்டையே போதும் என்பதால் அதே தகட்டில் அதிகம் அடைக்கலாம், விலையும் குறையும். இது எஸ்எம்ஆர்.

பிரச்சினை, திருத்தி எழுதும்போது வரும். நடுவில் ஒரு தடத்தை மாற்றினால் அதன் மேல் ஏறியிருக்கும் பக்கத்துத் தடமும் அழியும். அதனால் அந்தக் கட்டு முழுவதையும் படித்து, மாற்றி, மறுபடி எழுத வேண்டும். எஸ்எம்ஆர் டிஸ்க் புதிதாக வருவதை முதலில் ஒரு தற்காலிகப் பகுதியில் கொட்டிவைத்து, சும்மா இருக்கும் நேரத்தில் ஒழுங்குபடுத்தும். கொஞ்சம் எழுதினால் வித்தியாசமே தெரியாது. மணிக்கணக்கில் விடாமல் எழுதினால் தற்காலிகப் பகுதி நிரம்பி, டிஸ்க் ஊர ஆரம்பிக்கும்.

மீடியா சர்வரில் ஒரு படத்தை ஒரு தடவை எழுதுகிறோம், பல தடவை படிக்கிறோம். ஒற்றை டிஸ்க்காக வைத்தால் எஸ்எம்ஆர் மோசமில்லை என்பதே என் கருத்து; இதைச் சொன்னால் சிலர் சண்டைக்கு வருவார்கள். ஆனால் ரெய்டில் அதைப் போடவே கூடாது. ரெய்டு என்பது பல டிஸ்க்கைச் சேர்த்து, ஒன்று போனாலும் மற்றவற்றிலிருந்து தகவலை மீட்கும்படி ஓட்டும் ஏற்பாடு. போனதற்குப் பதில் புதியதைச் செருகியதும், அதில் மொத்தத் தகவலும் இடைவிடாமல் எழுதப்படும். எஸ்எம்ஆர் சறுக்குவது சரியாக அந்த இடத்தில்தான். டிஸ்க் பதில் சொல்லத் தாமதிக்க, இதுவும் செத்துவிட்டது என்று ரெய்டு தூக்கி எறிவதும் உண்டு.

2020-ல் இது பெரிய விவகாரமாக வெடித்தது. நாஸுக்கென்றே விற்ற டபிள்யூடி ரெட் வரிசையில் 2 முதல் 6 டிபி வரையுள்ள சில மாடல்கள் எஸ்எம்ஆர் என்பதை விவரத்தாளில் சொல்லாமலே விற்றிருந்தார்கள். அப்போது வெளியான ஒரு சோதனையில், சிஎம்ஆர் டிஸ்க் ஒரு நாளுக்குள் முடித்த மீட்பு வேலைக்கு அந்த ரெட் டிஸ்க் ஒன்பது நாளுக்கு மேல் எடுத்துக்கொண்டது. அதன் பிறகு சிஎம்ஆர் மாடல்கள் ‘ரெட் பிளஸ்’ என்ற பெயரில் தனியாக வந்தன. சீகேட்டின் ஐயன்உல்ஃப், தோஷிபாவின் என்300 வரிசைகள் சிஎம்ஆர். சீகேட்டின் சாதாரண பாராகுடாவில் பல மாடல்கள் எஸ்எம்ஆர்.

நினைவில் வைக்க: ரெய்டு என்றால் சிஎம்ஆர் மட்டும். பெட்டியின் நிறத்தையும் பெயரையும் பார்க்காமல், மாடல் எண்ணைக் கம்பெனித் தளத்தில் போட்டுப் பாருங்கள்.

## நாஸ் டிஸ்க், சிசிடிவி டிஸ்க்

நாஸ் டிஸ்க்குக்கு ஏன் கூடுதல் விலை? அதிர்வைத் தாங்கும் அமைப்பு, நாள் முழுக்க ஓடுவதற்கான உறுதி, பெரும்பாலும் மூன்றாண்டு வாரண்டி என்று காரணங்கள் உண்டு. முக்கியமானது ஒரு சின்னப் பழக்கம். தகட்டில் படிக்க முடியாத இடம் வந்தால், டெஸ்க்டாப் டிஸ்க் விடாப்பிடியாக ஒரு நிமிடத்துக்கு மேலும் முயலும். தன்னிடம் இருப்பதே ஒரே பிரதி என்று அதற்கு எண்ணம். நாஸ் டிஸ்க் சுமார் 7 நொடியில் “இந்த இடம் வரல” என்று சொல்லிவிடும். ரெய்டு அதை இன்னொரு டிஸ்க்கிலிருந்து எடுத்துக்கொள்ளும். ஒற்றை டிஸ்க் வைப்பவருக்கு இந்தப் பழக்கத்தால் லாபமில்லை.

நம் பக்கம் நாஸ் டிஸ்க் கேட்டால் பல கடைகளில் சிசிடிவி டிஸ்க்கை நீட்டுவார்கள். டபிள்யூடி பர்ப்பிள், சீகேட் ஸ்கைஹாக் போன்றவை. தெருவுக்குத் தெரு கேமரா வந்துவிட்டதால் அதுதான் கையிருப்பில் இருக்கும். பல கேமராக்கள் ஓயாமல் அனுப்புவதை எழுதிக்கொண்டே இருக்கச் செய்யப்பட்டது அது. நாள் முழுக்க ஓடும் என்பதில் சந்தேகமில்லை. மீடியா சர்வருக்கு அவ்வளவு பொருத்தமில்லை, அவ்வளவு மோசமும் இல்லை. நாஸ் டிஸ்க் கிடைக்காமல் இது மலிவாகக் கிடைத்தால் நான் மூக்கைச் சுளிக்க மாட்டேன். சிஎம்ஆரா என்று மட்டும் பார்ப்பேன்.

## மதுரை வெயிலும் மதுரை கரண்டும்

சித்திரையில் வெளியே 40 டிகிரி அடிக்கும்போது ஏசி இல்லாத மாடி அறை 38-ல் நிற்கும். பெட்டிக்குள் ஓடும் டிஸ்க் அறையைவிடப் பத்து டிகிரி வரை கூடுதலாக இருப்பது சாதாரணம். நாஸ் டிஸ்க்குகள் பொதுவாக 60, 65 டிகிரி வரை தாங்கும் என்று விவரத்தாளிலேயே இருக்கும். கூகுள் ஆய்வாளர்கள் 2007-ல் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட டிஸ்க்குகளைப் பார்த்தபோது, சூட்டுக்கும் பழுதுக்கும் எதிர்பார்த்த அளவு தொடர்பு தெரியவில்லை. மிக அதிகச் சூட்டில்தான், அதுவும் வயதான டிஸ்க்குகளில்தான் அது எடுப்பாகத் தெரிந்தது. அதனால் 45-ஐத் தொட்டதும் பதற வேண்டாம். 50-ஐத் தாண்டி அங்கேயே நின்றால் காற்றோட்டத்தைச் சரி செய்யுங்கள். டிவி ஷோகேஸுக்குள் கதவைச் சாத்தி வைப்பதும், மொட்டை மாடிக்கு நேர் கீழே பரணில் வைப்பதும்தான் இங்கே வழக்கமாகக் காணும் தவறு. ஒரு 120 மில்லிமீட்டர் மின்விசிறியும், பின்னால் ஒரு சாண் இடமும் போதும்.

கரண்டைத்தான் நான் வெயிலைவிட அதிகம் பயப்படுவேன். திடீரென்று கரண்ட் போனால், சுற்றிக்கொண்டிருக்கும் தகட்டின் வேகத்திலிருந்தே மின்சாரம் எடுத்து ஹெட்டைப் பத்திரமான இடத்துக்கு ஒதுக்கிக்கொள்ளும் சாமர்த்தியம் டிஸ்க்குக்கு இருக்கிறது. ஆனால் எழுதிக்கொண்டிருந்த தகவல் பாதியில் அறுந்து, ஃபைல் அமைப்பு குழம்பலாம். போன கரண்ட் திரும்பி வரும்போது ஹை வோல்டேஜாக வந்தால் மின்பலகைக்கு ஆபத்து. மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு நேரத்தை முன்கூட்டியே அறிவித்துவிடுவார்கள். அன்றைக்குச் சர்வரை முறையாக நிறுத்திவிடலாம். சொல்லாமல் போகும் கரண்டுக்கு என்ன செய்வது?

“வீட்ல இன்வெர்ட்டர் இருக்கே” என்பார்கள். இன்வெர்ட்டர் மாறும் அந்தக் கணத்தில் சர்வர் அணைந்து எரிவதுண்டு. பல இன்வெர்ட்டர்களின் பின்பக்கம் ‘யுபிஎஸ் மோட்’ என்று ஒரு சுவிட்ச் இருக்கும். அதைப் போட்டால் மாறும் நேரம் குறையும். அதற்குப் பிறகும் அணைந்தால், சர்வருக்கும் ரவுட்டருக்கும் மட்டும் 600 விஏ அளவில் ஒரு சின்ன யுபிஎஸ் வையுங்கள். யுஎஸ்பி வயரில் சர்வரோடு பேசி, பேட்டரி தீரும் முன் தானாக நிறுத்தச் சொல்லும் யுபிஎஸ் என்றால் இன்னும் நல்லது. விலை உயர்ந்த டிஸ்க்குக்குக் கொடுக்க நினைத்த கூடுதல் காசு இங்கே போகட்டும்.

## டிஸ்க்கே சொல்லும் அறிகுறி

எல்லா ஹார்ட் டிஸ்க்கும் தன் உடல்நிலையைத் தானே குறித்துவைக்கும். அந்தக் குறிப்பேட்டுக்கு ஸ்மார்ட் என்று பெயர். விண்டோஸில் கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் பார்க்கலாம். நாஸ் பெட்டிகள் தாங்களே காட்டும். வரிசையாக எண்கள் வந்து பயமுறுத்தும். ஒவ்வொரு வரிக்கும் ஓர் அடையாள எண் உண்டு. நாலு வரியைப் பார்த்தால் போதும். 5 என்ற எண்ணுள்ள வரி, கெட்டுப்போனதால் ஒதுக்கிவைத்த இடங்களின் எண்ணிக்கை. 197 சந்தேகத்தில் இருக்கும் இடங்கள். 198 சரி செய்ய முடியாதவை. இந்த மூன்றும் சுழியத்தில் இருக்க வேண்டும். 199 ஏறினால் பெரும்பாலும் வயர் கோளாறு. டிஸ்க்கைத் தூக்கிப் போடும் முன், அதைக் கம்ப்யூட்டரோடு இணைக்கும் சாட்டா வயரை மாற்றிப் பாருங்கள்.

கூகுளின் அதே ஆய்வில், மேற்பரப்புச் சோதனையில் முதல் பிழை தெரிந்த டிஸ்க், அடுத்த 60 நாளில் செத்துப்போகும் வாய்ப்பு மற்றதைவிட 39 மடங்கு அதிகம் என்று கண்டார்கள். அதனால் எண் அசைந்தால் அன்றைக்கே பிரதி எடுங்கள். மறுபக்கமும் உண்டு. செத்த டிஸ்க்குகளில் பாதிக்கு மேல், முக்கியமான அறிகுறிகள் எதையும் காட்டாமலே செத்தன. ஸ்மார்ட் எச்சரித்தால் நம்புங்கள். ‘நலம்’ என்றால் நம்பாதீர்கள்.

## கொஞ்சம் சேர்த்து விதைப்பது

ஒரே தகவலை இரண்டு டிஸ்க்கில் வைக்கிறோம். அதில் ஒன்று போய், புதியது வாங்கி மாட்ட ஒரு வாரம் ஆகிறது என்று வைப்போம். அந்த ஒரு வாரத்துக்குள் இரண்டாவதும் போகும் வாய்ப்பு, 1.5 சதவீதத்தை 52-ஆல் வகுத்தால், பத்தாயிரத்தில் சுமார் மூன்று. எவ்வளவு உயர்ந்த டிஸ்க்கை ஒற்றையாக வாங்கினாலும் இந்தப் பாதுகாப்பு கிடைக்காது. சுமாரான இரண்டு, சூப்பரான ஒன்றை எளிதாக வெல்லும்.

ஆனால் இந்தக் கணக்குக்கு ஒரு நிபந்தனை உண்டு: இரண்டும் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாமல் போக வேண்டும். ஒரே பெட்டியில், ஒரே கரண்டில், ஒரே நாளில் வாங்கிய ஒரே தொகுதி டிஸ்க்குகளுக்கு அது பொருந்தாது. ஒரு இடி இறங்கினால் இரண்டும் சேர்ந்து போகும். தவறுதலாக ஒரு ஃபோல்டரை அழித்தால் ரெய்டு உடனே அடுத்த டிஸ்க்கிலும் அழித்துவிடும். ரெய்டு, டிஸ்க் போனாலும் சர்வர் நிற்காமல் ஓடுவதற்கு. தனிப் பிரதியின் வேலையை அது செய்யாது.

இந்த இடத்தில் எதைக் காப்பாற்றுகிறோம் என்று பிரித்துப் பார்க்க வேண்டும். சினிமாப் படம் போனால் எப்படியாவது மறுபடி கிடைக்கும். தங்கச்சி கல்யாண வீடியோ, காதுகுத்துப் போட்டோ, ஊர்ப் பொங்கலில் தாத்தா பாடியதை யாரோ போனில் பிடித்தது போன்றவை உலகத்திலேயே உங்களிடம் மட்டும்தான் இருக்கின்றன. அளவில் பார்த்தால் இரண்டாவது வகை பெரும்பாலும் ஒரு டிபிக்குள் அடங்கிவிடும். அதை மட்டும் ஒரு வெளி டிஸ்க்கில் எடுத்து, திருமங்கலத்தில் இருக்கும் அண்ணன் வீட்டு பீரோவில் வையுங்கள். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் போகும்போது புதுப்பித்துக்கொள்ளலாம். படங்களுக்காக நாலு டிஸ்க் ரெய்டு கட்டுவது பலருக்குத் தேவையில்லாத செலவு.

## கடையில் நிற்கும்போது

4 டிபி டிஸ்க் கம்ப்யூட்டரில் 3.63 என்று காட்டும். ஏமாற்று அல்ல, கம்பெனி ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறது, விண்டோஸ் 1,024 ஆக எண்ணுகிறது.

வாரண்டி இந்தியாவுக்கு உண்டா என்று கேளுங்கள். டிஸ்க் மேல் உள்ள சீரியல் எண்ணைக் கம்பெனித் தளத்தில் போட்டால் நாடும் தேதியும் தெரியும். கடையில் நிற்கும்போதே போனில் பார்த்துவிடலாம். பில் போட்டே வாங்குங்கள். வாரண்டியில் டிஸ்க்தான் வரும், உள்ளே இருந்தது வராது. மாற்றித் தருவதும் பல நேரம் புதுப்பித்த டிஸ்க்காக இருக்கும்.

நம்ப முடியாத விலைக்கு இணையத்தில் கிடைக்கும் பெரிய டிஸ்க்குகளில் எச்சரிக்கை. 2025 தொடக்கத்தில், பயன்படுத்திய சீகேட் எக்ஸோஸ் டிஸ்க்குகளைப் புதியவை என்று ஐரோப்பாவில் விற்றது வெளிச்சத்துக்கு வந்தது. ஓடிய மணி நேரத்தை ஸ்மார்ட்டில் அழித்துச் சுழியமாக்கியிருந்தார்கள். சீகேட் டிஸ்க்குக்குள் ஃபார்ம் என்று இன்னொரு பதிவேடு இருப்பதால்தான் குட்டு உடைந்தது. பழையது என்று சொல்லி, விலையைக் குறைத்து விற்றால் அது நேர்மையான வியாபாரம். இரண்டாம் பிரதிக்கு அப்படி ஒன்றை வாங்குவதில் தவறில்லை.

புது டிஸ்க்கை வீட்டுக்குக் கொண்டுவந்ததும் படத்தை ஏற்றிவிடாதீர்கள். முதல் வாரங்களிலேயே சாகும் டிஸ்க்குகளும் உண்டு. ஸ்மார்ட்டில் ‘எக்ஸ்டெண்டட் டெஸ்ட்’ என்று ஒரு நீண்ட சோதனை இருக்கிறது. தகடு முழுவதையும் படித்துப் பார்க்கும். 4 டிபிக்கு ஏழெட்டு மணி நேரம் பிடிக்கும், ராத்திரி போட்டுவிட்டுத் தூங்கலாம். காலையில் 5, 197, 198 மூன்றும் சுழியம் என்றால் படங்களை ஏற்ற ஆரம்பிக்கலாம். ஒன்று ஏறியிருந்தாலும் பெட்டியையும் பில்லையும் எடுத்துக்கொண்டு அன்றைக்கே கடைக்குப் போய்விடுங்கள். முதல் சில நாளுக்குள் போனால் பல கடைகளில் அவர்களே மாற்றித் தருவார்கள், தாமதித்தால் கம்பெனி சர்வீஸ் சென்டருக்கு அலைய வேண்டியிருக்கும்.